எந்தப் படிப்பு என்பதற்கு முன், எந்த மருத்துவமனை?

மருத்துவத் துறையில் தொழில்சார் படிப்பு ஒன்றில் சேர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கோர்ஸுக்கு இப்போது மவுசு?" என்பதுதான். லேப் டெக்னாலஜியா, ரேடியாலஜியா, டயாலிசிஸா, ஆபரேஷன் தியேட்டரா என்று பெயர்களை எடைபோட்டுக்கொண்டிருக்கும்போதே கவுன்சலிங் தேதி வந்துவிடுகிறது. கடைசியில், யார் "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்தார்களோ அங்கே போய்ப் பணம் கட்டுகிறார்கள். இந்த அத்தியாயம் வேறொரு கேள்வியை முன்னால் வைக்கச் சொல்கிறது: பயிற்சி எந்த மருத்துவமனையில் நடக்கும்? அங்கே அன்றாடம் எவ்வளவு நோயாளிகள் வருகிறார்கள், அவர்களிடையே மாணவர் எத்தனை மணி நேரம் இருப்பார், அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று திருத்துபவர் யார் என்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். படிப்பின் பெயரும், அது டிப்ளமோவா டிகிரியா என்பதும் அதற்குப் பிறகுதான் என்பது என் கட்சி.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. செவிலியர் படிப்புக்கு 1947-இலேயே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. மருந்தாளுநர்களுக்கு 1948-இல் பார்மசி சட்டம் வந்தது. பல் தொழில்நுட்பர்களும் பல் சுகாதாரப் பணியாளர்களும் அதே ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்குள் அடங்கினார்கள். ஆனால் ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் இயந்திரத்தை ஓட்டுபவர், பிசியோதெரபிஸ்ட், கண் பார்வை அளக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஆகியோருக்கு நாடு தழுவிய பதிவேடோ, குறைந்தபட்சக் கல்வித்தகுதியோ சட்டப்படி இல்லாமல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 2021 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற, துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் இந்தக் குறையை முதன்முதலாகத் தீர்க்க முற்பட்டது. 56 தொழில்களைப் பத்துப் பிரிவுகளில் அடுக்கி, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கவுன்சில், அதில் பதிவு என்று அது வகுத்திருக்கிறது. மாணவர் கவனிக்க வேண்டியது அதன் வரையறையை. துணைச் சுகாதாரத் தொழில்முறையாளர் என்று அழைக்கப்பட, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய 2,000 மணி நேரத்துக்குக் குறையாத டிப்ளமோ அல்லது டிகிரி வேண்டும். சுகாதாரத் தொழில்முறையாளருக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரத்துக்குக் குறையாத டிகிரி வேண்டும். வருடக் கணக்கோடு மணிக் கணக்கையும் சட்டம் சேர்த்து எழுதியிருப்பது தற்செயல் அல்ல. பாடம், செய்முறை, மருத்துவமனைப் பணி என்று உண்மையில் எவ்வளவு நேரம் செலவிடப்பட்டது என்பதை ஒரு படிப்பு இனி கணக்குக் காட்டியாக வேண்டும்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் "ஆறு மாதத்தில் லேப் டெக்னீஷியன்" போஸ்டரைப் பாருங்கள். நாளைக்கு ஆறு மணி நேரம், மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் ஆறு மாதத்தில் 900 மணி நேரம்தான் தேறும். சட்டம் கேட்பதில் பாதிகூட இல்லை. அப்படிப்பட்ட சான்றிதழோடு சிறிய லேப் ஒன்றில் வேலை கிடைக்கலாம்; கிடைத்தும் வருகிறது. ஆனால் பதிவு கேட்கும் இடத்தில் அது செல்லாக்காசு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடந்துவரும் ஓராண்டு சான்றிதழ் படிப்புகளை இதோடு ஒன்றாகப் போட்டு எண்ணக் கூடாது. அவற்றில் சேர்ந்தவர் தினமும் தியேட்டரிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ நின்று பழகியவர். ஆனாலும் புதிய சட்டத்தின் இரண்டாண்டு அளவுகோலுக்கு அந்தப் படிப்புகள் எப்படிப் பொருந்தும் என்பதைச் சேரும் ஆண்டிலேயே எழுத்துபூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தபால் வழியில் படித்துவிடலாம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடலாம். 2025 ஜூலை-ஆகஸ்டில் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து இத்துறைப் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது.

மணி நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? எளிது என்று எல்லோரும் நினைக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: ரத்தம் எடுப்பது. கையில் பட்டை கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசி செருகி, வெவ்வேறு நிற மூடி போட்ட டியூப்களில் ரத்தத்தை வாங்க வேண்டும். நீல மூடி டியூபில் சோடியம் சிட்ரேட் இருக்கிறது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு என்பது கணக்கு. கோடு வரை ரத்தம் நிறையாவிட்டால், உறைய ஆகும் நேரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்; இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிட்டு வருபவருக்கு மருத்துவர் அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்துவிட வாய்ப்பிருக்கிறது. ஊதா மூடி டியூபில் இருப்பது பொட்டாசியம் கலந்த இ.டி.டி.ஏ. சீரம் டியூபில் ரத்தம் போதவில்லையே என்று ஊதா டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சமாளித்தால், பொட்டாசியம் எகிறியது போலவும் கால்சியம் சரிந்தது போலவும் ரிப்போர்ட் வரும். சர்க்கரைக்கு எடுத்த ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி கொண்ட ஃப்ளோரைடு டியூபில் விடாமல் சாதாரண டியூபிலேயே மேசை மேல் வைத்திருந்தால், அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, மறுபடியும் பொட்டாசியம் பொய் சொல்லும். இவ்வளவும் புத்தகத்தில் இரண்டு பக்கம்தான். ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடலாம். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு ஐம்பது பேர் வரிசையில் நிற்கையில், நரம்பு அகப்படாத ஒரு முதியவர் கையை உதறும்போது, எந்த டியூபை முதலில் எடுப்பது என்று யோசிக்காமல் கை தானாகச் சரியானதை எடுக்க வேண்டும். அது மனப்பாடத்தில் வருவதில்லை.

மனப்பாடத்துக்கும் கைப்பழக்கத்துக்கும் உள்ள இந்த இடைவெளி டயாலிசிஸ் பிரிவில் இன்னும் கூர்மையானது. 2016-இல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்த பிறகு மாவட்ட மருத்துவமனைகள் வரை இயந்திரங்கள் வந்துவிட்டன. இயந்திரம் வந்த இடத்துக்கெல்லாம் அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். நான்கு மணி நேரம் நடக்கும் ஒரு டயாலிசிஸில், நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் என்ற வழக்கமான வேகத்தில், நோயாளியின் ரத்தம் ஒரு மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் சுமார் 120 லிட்டர் திரவத்தைச் சந்திக்கிறது. அந்தத் திரவத்துக்கான தண்ணீரில் குளோரின் சரியாக நீக்கப்படாவிட்டால் ரத்த அணுக்கள் உடையும். ஆகவே காலையில் முதல் ஷிஃப்ட் தொடங்கும் முன் தண்ணீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது டெக்னீஷியனின் வேலை. அதன் பிறகு எடை பார்ப்பது, எத்தனை லிட்டர் நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை இயந்திரத்தில் பதிவது, கையில் தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலாவில் உள்ளங்கையை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று உணர்வது, இரண்டு ஊசிகளைச் செருகுவது. நீரை வேகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் விழும், கால் குரக்களி இழுக்கும். அதிர்வு நின்றுபோன ஃபிஸ்டுலாவை ஒருமுறையாவது தொட்டுப் பார்த்திராதவருக்கு, அதிர்வு என்றால் என்ன என்பதே அரைகுறையாகத்தான் தெரியும். மூன்று இயந்திரங்கள் மட்டும் உள்ள இடத்தில் நாற்பது மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் கல்லூரியில் படித்தவருக்கு இந்த வாய்ப்பு எத்தனை முறை கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே சேர்க்கைக்கு முன் செய்ய வேண்டிய வேலை விசாரணைதான். முதலில் அங்கீகாரத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இத்துறைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1988 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டத்தைத் தாங்களே தருகின்றன. கல்லூரிக்கு இணைப்பு இருப்பது வேறு, நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் இணைப்பு இருப்பது வேறு, இரண்டாவதைக் கேளுங்கள். பாராமெடிக்கல் பட்டப் படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே பல ஆண்டுகளாகக் கவுன்சலிங் நடத்திவந்திருக்கிறது. தேசிய ஆணையம் வந்த பிறகு விதிகள் மாறிவரும் காலம் இது என்பதால், அண்ணன் சேர்ந்தபோது இருந்த விதியை நம்பாமல் இந்த ஆண்டின் தகவல் கையேட்டை வரிக்கு வரி படிக்க வேண்டும்.

அங்கீகாரம் உறுதியான பிறகு, கல்லூரி அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள். மருத்துவமனை கல்லூரிக்குச் சொந்தமானதா, ஒப்பந்தத்தில் உள்ளதா? ஒப்பந்தம் என்றால் எத்தனை கிலோமீட்டர் தள்ளி, போக்குவரத்து யார் பொறுப்பு? முதலாண்டிலேயே போஸ்டிங் தொடங்குமா, கடைசி ஆண்டில் மட்டுமா? லேப் என்றால் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ரத்த வங்கி ஆகிய மூன்றிலும் சுழற்சி உண்டா? ரேடியாலஜி என்றால் சி.டி., எம்.ஆர்.ஐ. அறைக்குள் மாணவரை விடுகிறார்களா, சாதாரண எக்ஸ்ரேயோடு நிறுத்துகிறார்களா? எக்ஸ்ரே, சி.டி. பகுதியில் வேலை செய்பவரின் கதிரியக்க அளவைப் பதிவு செய்ய டி.எல்.டி. பேட்ஜ் என்ற ஒன்று உண்டு. மாணவருக்கும் அது தரப்படுமா என்று கேட்டுப் பாருங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளை மதிக்கும் இடம் என்றால் பதில் உடனே வரும். அதேபோல, வார்டுக்கு அனுப்பும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போடப்படுகிறதா? முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் இடையே ஆறு மாதம் தேவை என்பதால், சேர்ந்தவுடன் தொடங்கினால்தான் முடியும். பிள்ளையின் கையில் ஊசி குத்திவிட்ட பிறகு கல்லூரி காட்டும் அக்கறையால் பயன் குறைவு. முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் தன் பயிற்சியைப் பதிவு செய்யும் லாக் புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே பேனாவால் ஒரே நாளில் நிரப்பப்பட்ட பக்கங்களும், ஆறு மாதத்துக்கு ஒரே கையெழுத்தும் இருந்தால் அந்த மருத்துவமனையில் பயிற்சி காகிதத்தில்தான் நடக்கிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. கூட்டம் நிறைந்த மருத்துவமனையில் மாணவரைக் கற்க விடுவதில்லை, சம்பளமில்லாத ஆளாக வேலை வாங்கிக்கொள்கிறார்கள் என்பார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதிலும் ரிப்போர்ட் வாங்கிவருவதிலும் இன்டர்ன்ஷிப் முழுவதும் கரைந்துபோன மாணவர்கள் இருக்கிறார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் கல்வி ஆகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தொடக்கத்தில், திருத்துபவர் யார் என்பதையும் கேள்விக்குள் சேர்த்தேன். ஆனால் இந்தக் குறைக்கு மருந்து, நோயாளிகளே இல்லாத அமைதியான கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது அல்ல. கூட்டமுள்ள இடத்தில் கற்பிப்பவர் குறைவு என்றால் மூத்த டெக்னீஷியனைப் பின்தொடர்ந்து பார்த்தாவது கற்கலாம். பார்ப்பதற்கே ஒன்றும் இல்லாத இடத்தில் நல்ல ஆசிரியரும் பலகையில்தான் எழுதிக் காட்ட முடியும். இரண்டும் இருக்கும் இடம் கிடைத்தால் கொஞ்சம் தூரமானாலும் போகலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகள் தங்கள் வளாகத்திலேயே இத்தகைய படிப்புகளை நடத்துவதற்கும், சென்னையில் சங்கர நேத்ராலயாவை ஒட்டி 1985-இல் எலைட் ஆப்டோமெட்ரி பள்ளி தொடங்கப்பட்டதற்கும் பின்னுள்ள தர்க்கம் இதுவே. வேலைக்கு ஆள் தேவைப்படும் மருத்துவமனையே பாடம் நடத்தும்போது, அரைகுறையாகக் கற்றுக்கொடுத்தால் நஷ்டம் அதற்குத்தான்.

டிப்ளமோவா டிகிரியா என்ற கேள்விக்கு வருவோம். லேப் டெக்னாலஜி டிப்ளமோவான டி.எம்.எல்.டி. இரண்டு ஆண்டு; அதன் டிகிரியான பி.எஸ்ஸி. எம்.எல்.டி. முடிக்க மூன்று, நான்கு ஆண்டு ஆகிவிடும். டிகிரிதான் எப்போதும் மேல் என்று குடும்பங்கள் நினைப்பதற்குக் காரணம் உண்டு: மேற்பார்வைப் பதவி, கற்பிக்கும் பணி, மேற்படிப்பு எல்லாம் டிகிரியைக் கேட்கின்றன. வளைகுடா நாடுகளுக்குப் போக நினைத்தால் சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு, பணி அனுபவம் என்று வரிசையாகக் கேட்பார்கள். அங்கேயும் டிகிரிக்கு வழி அகலம். இருந்தாலும், கடன் வாங்கித்தான் படிக்க முடியும் என்ற நிலையில் உள்ள வீட்டுக்கு என் பரிந்துரை வேறு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கிடைக்கும் இரண்டாண்டு டிப்ளமோ, சொந்த மருத்துவமனை இல்லாத தனியார் கல்லூரியில் லட்சங்கள் கொடுத்து வாங்கும் டிகிரியைவிட மேலானது. இரண்டே ஆண்டில் சம்பாதிக்கத் தொடங்கி, பிறகு மேலே படிக்க வழியிருக்கிறதா என்று பார்க்கலாம். டிப்ளமோ முடித்தவர் டிகிரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வாய்ப்பு குறிப்பிட்ட படிப்புக்கு உண்டா என்பதை டிப்ளமோவில் சேரும் முன்பே கேட்டுவைக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கொண்டுவந்த பி.வோக். (தொழிற்கல்வி இளநிலைப் பட்டம்) திட்டம் இந்தப் படிக்கட்டை ஒரே படிப்புக்குள் வைக்கிறது: ஓராண்டில் நிறுத்தினால் டிப்ளமோ, இரண்டில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றில் டிகிரி. யோசனை நல்லது. கலை அறிவியல் கல்லூரி ஒன்று மருத்துவத் துறைப் பி.வோக். நடத்தினால் அதன் மாணவர்கள் எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள், அரசுப் பணி அறிவிக்கைகளில் கேட்கப்படும் தகுதியோடு அந்தப் பட்டம் ஒத்துப்போகிறதா என்ற இரண்டையும் உறுதிசெய்யாமல் சேர வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றி வாசகர்களை ஏமாற்ற விரும்பவில்லை. சிறு லேப்களிலும் நர்சிங் ஹோம்களிலும் தொடக்கச் சம்பளம் குறைவு; இரவு ஷிஃப்ட்டும் நீண்ட நேரமும் கூடவே வரும். இவ்வளவு படித்து இவ்வளவுதானா என்று கேட்பவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நகர்வது நேர்மையல்ல. சம்பளம் தாழ்ந்து கிடப்பதற்கு ஒரு காரணம், முறையாகப் படித்தவரும் ஆறு மாதச் சான்றிதழ்க்காரரும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுவது. பதிவு கட்டாயமாக நடைமுறைக்கு வந்தால் அந்தப் போட்டி குறையும். ஆனால் சட்டம் வந்து ஆண்டுகள் ஆகியும் மாநிலக் கவுன்சில்கள் முழு வேகத்தில் இயங்கவில்லை என்பதால், நாளையே நிலைமை மாறும் என்று எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். அரசுப் பணியிடங்களை 2012 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. போட்டி கடுமையானது, அறிவிக்கை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது போக்குவரத்துச் செலவையாவது தாங்கும். இந்தச் சூழ்நிலையில் மாணவரின் கையில் உள்ள ஒரே பேரம், கைத்திறன். ஃபிஸ்டுலாவில் தயங்காமல் ஊசி போடுபவரையும், குழந்தையிடம் முதல் குத்திலேயே ரத்தம் எடுப்பவரையும் இழக்க எந்த மருத்துவமனையும் விரும்பாது. அந்தத் திறன் உருவாகும் இடத்தைத்தான் இந்த அத்தியாயம் தேடச் சொல்கிறது.

இயந்திரங்கள் எல்லாவற்றையும் செய்துவிடும், இந்தப் படிப்புகளுக்கு எதிர்காலமில்லை என்ற அச்சத்துக்குப் பதில் மேலே சொன்ன டியூப்களிலேயே இருக்கிறது. ஆட்டோ அனலைசர் தனக்குத் தரப்பட்ட மாதிரியைச் சரியாகவே அளக்கிறது. அந்த மாதிரி தவறான டியூபிலிருந்து வந்ததா, வேறொரு நோயாளியின் பெயர் ஒட்டப்பட்டதா என்பது ஆளைப் பொறுத்தது. இயந்திரம் பெருகப் பெருக, அது தரும் எண்ணைச் சந்தேகிக்கத் தெரிந்தவரின் தேவைதான் கூடும்.

சேர்ந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதும் வெளிநாட்டுச் சரிபார்ப்பின்போதும் மதிப்பெண் பட்டியலோடு, எந்தப் பிரிவில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பயிற்சி பெற்றீர்கள் என்ற ஆதாரத்தையும் கேட்கலாம். அப்போது போய் நின்றால் கையெழுத்திட்ட மருத்துவர் பணிமாறிப் போயிருப்பார், பழைய பதிவேடு கிடங்கில் இருக்கும். ஒவ்வொரு போஸ்டிங் முடிந்த வாரத்திலேயே லாக் புக்கில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்ன்ஷிப் சான்றிதழில் மருத்துவமனையின் பெயர், பிரிவு, மொத்த மணி நேரம் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "வெற்றிகரமாக முடித்தார்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால், திருத்தித் தரச் சொல்லி அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.